ரேமை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் சாயங்காலம் ஆனால் திணறுகிறதா, ரேமைக் கூட்டுங்கள் என்று உங்கள் இதழில் ஒரு குறிப்பு படித்தேன். எல்லா நேரமும் அது சரிவராது. நானே அப்படிச் சொல்லி மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குச் செலவு வைத்தவன், கோளாறோ நான் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்தது.

ஓண நேரத்தில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. நாலு மணி தாண்டினால் பில் திரையில் பட்டன்கள் கறுத்துப்போகும், எழுத்து பாதிதான் தெரியும். மூடித் திறந்தால் சரி. ரேமை இரட்டிப்பாக்கியும் மறுநாள் அதே நேரத்தில் அதே கதை!

அப்புறம்தான், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய், தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைத் திறந்து பார்த்தேன். திரையில் படம், எழுத்து வரைய ஒரு புரோகிராம் விண்டோஸிடம் வாங்கும் ஃபான்ட், பிரஷ், பிட்மேப் எல்லாவற்றின் கணக்கு அது. ஒரு புரோகிராமுக்கு வழக்கமான உச்சவரம்பு 10,000, ரேம் எவ்வளவு இருந்தாலும் அதுதான். என் புரோகிராம் பில்லுக்கு 12 வாங்கி, ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. 800 பில் தாண்டியதும் கதை முடிந்தது. சாதாரண நாளில் 300 பில் தாண்டாது, ராத்திரி மெஷினை அணைத்துவிடுவார்கள், அதனால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

திரை உறைந்து நிற்கக் கூடாதென்று பில்லில் பார்கோடு வரையும் வேலையைத் தனி திரெட்டில், அதாவது புரோகிராமுக்குள்ளேயே பக்கத்தில் ஓடும் இன்னொரு வேலையாக, விட்டிருந்தேன், திரெட் முடிந்தால் அது வாங்கியதும் போய்விடும் என்ற நினைப்பில். சமையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதற்காக வாடகைப் பாத்திரம் தானாகக் கடைக்குத் திரும்புமா? கல்யாண வீட்டுக்காரர் பேரில்தானே எடுத்தது. இங்கேயும் கணக்கு மொத்தப் புரோகிராமின் பேரில்தான், அதை மூடினால்தான் விண்டோஸ் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வரம்பை உயர்த்தலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். உயர்த்தினால் நாலு மணிக்கு வருவது ஆறு மணிக்கு வரும், அவ்வளவுதான். வேலை நடுவில் பிழை வந்து நின்றாலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் புரோகிராம் வரி கண்டிப்பாக ஓடும்படி எழுதினேன், இப்போது எண்ணிக்கை காலையிலிருந்து ராத்திரி வரை 200-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஆகவே கடைக்காரர்களே, அந்த ஜிடிஐ எண் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போய், ஒருபோதும் இறங்காவிட்டால் ரேம் கடைக்குப் போகாதீர்கள், சாஃப்ட்வேர் எழுதியவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். என்னைப்போல அவரும் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார். ரேம் காசை நான் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாசகர்,
தக்கலை