டிசம்பரில் கொடுப்பது ஜூலைக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் நெருங்கினால் குமரி மாவட்டத்துச் சபைகள் பலவற்றில் ஏழைகளுக்கு அரிசியும் சேலையும் வழங்கும் விழா நடக்கிறது. கொடுக்கிற மனம் நல்ல மனம்தான். ஆனால் விதவைகளை மேடைக்கு அழைத்து, பெயர் வாசித்து, படம் எடுப்பது வேதம் சொல்லும் நீதிக்கு ஒவ்வாதது.

உபாகமம் 24:10-13 வசனங்களைப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். ஏழை தன் போர்வையை அடகு வைத்தால் அன்று பொழுது சாயும்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவே கர்த்தருடைய சமுகத்தில் நீதியாக எண்ணப்படும் என்கிறது வேதம். ஏழைக்கு எது எப்போது தேவை என்ற கணக்கும், அவன் வாசலுக்குத் தரும் மரியாதையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

நம் மாவட்டத்தில் அந்தத் தேவை டிசம்பரில் மட்டும் வருவதில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிப்பதால் வள்ளங்களும் பல நாள் கரையிலேயே கிடக்கும். அதே மாதங்களில் மலையோரத்தில் மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இலையுதிர்ந்து தளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சிலும் பல தோட்டங்களில் வெட்டு நின்றுவிடும். பள்ளி திறக்கும் செலவும் ஜூனில்தான் வந்து நிற்கும். ஆகவே டிசம்பரில் சேரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அப்போது செலவிட்டு, மீதியை இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கில் வைக்கலாம்.

சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்துவைக்கும் பிடி அரிசிக் காணிக்கையை விட்டுவிட்ட சபைகள் அதை மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். தினம் ஒரு பிடி எடுத்துவைத்தால் வீட்டுக்கு மாதம் ஒன்றரை கிலோ, நூறு வீட்டுக்கு 150 கிலோ. புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும்போது மற்றது வேகாது. வாங்குகிறவர் கோழிக்குத்தான் போடுவார். இரண்டு டின் வையுங்கள். மாதம் தவறாமல் கொடுத்துவிடுங்கள், நாள்பட்டால் வண்டு விழும். ரேஷன் அரிசி கிடைக்கும் வீட்டில் எண்ணெய், பருப்பு, மருந்து, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூலி ஆகியவைதான் இடிக்கும். அரிசியை ஏலம் விட்டு அந்தப் பணத்தில் இவற்றை வாங்கிக் கொடுப்பதும் நல்லதே.

கேட்கிறவருக்கே திரும்பத் திரும்பக் கிடைப்பதும், கேட்கக் கூசுகிறவர் விடுபடுவதும் எங்கும் நடக்கிற குறை. ஆதிச்சபையிலும் அன்றாட உணவுப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டார்கள். அதைச் சரிசெய்யவே ஏழு பேரை நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). இன்றும் பகுதிக்கு இருவரை, அதில் ஒரு பெண்ணை, நியமித்தால் போதும். ஒரே தெருவில் மூன்று சபைகள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை ஒப்பிட்டுக்கொள்ளட்டும். சபையில் சேராதவர் வீட்டையும் விடாதீர்கள்.

படம் இல்லாவிட்டால் கணக்குக்குச் சாட்சி ஏது என்பார்கள். வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, பெயரும் கையெழுத்தும் பொருளாளர் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். தணிக்கைக்கு அது போதும். சபைக் கூட்டத்தில் எத்தனை வீடு, எவ்வளவு தொகை என்று மட்டும் வாசிக்கலாம்.

தங்கள் நாளிதழும் இவ்வகைச் செய்திகளில் உதவி பெறுவோரின் முகம் தெரியும் படங்களை வெளியிடாமல் இருந்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்,
மார்த்தாண்டம்