அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன்

அன்புள்ள பாபுவுக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வேலூர் வெயில்தான் குறையவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

20 நாளைக்கு முன்னால் "டோன்ட் இன்ஸ்ட்ரக்ட் மீ, அப்பா" என்று போனை வைத்துவிட்டாய். 31 வருஷம் ஐடிஐயில் ஃபிட்டர் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா அது? நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒர்க்ஷாப் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். குடியாத்தம் அத்தை உன் வேலையைப் பற்றி ஏதோ சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

பரணிலிருந்து உன் பழைய டிக்‌ஷனரியை இறக்கிப் பார்த்தேன். கற்றுக்கொடுப்பது, உத்தரவு போடுவது, வழக்கை நடத்தச் சொல்லி வக்கீலிடம் ஒப்படைப்பது, மூன்றுக்கும் 'இன்ஸ்ட்ரக்ட்' என்ற அந்த ஒரே சொல்தான். லத்தீனில் 'ஸ்ட்ரூவெரே' என்றால் அடுக்குவது, கட்டுவது. முன்னால் 'இன்' சேர்ந்தால் ஆயத்தப்படுத்துவது. படையை அணிவகுத்து நிறுத்துவதையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ட்ரக்சர், இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் அதே வேர். டெஸ்ட்ராய் என்பதும் அதே வேர். அதைப் படித்ததும் மூடி வைத்துவிட்டேன்.

சின்ன வயதில் கோட்டைக்குக் கூட்டிப்போவேனே. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று மேலிருந்து உத்தரவு வந்ததில்தான் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பினார்கள் என்று உனக்குக் கதை சொன்னவன் நான். அப்புறம் வீட்டுக்கு வந்து நானும் உத்தரவுதான் போட்டேன்.

ஐடிஐயில் புதுப் பையன் அரம் பிடிக்கத் தெரியாமல் நின்றால், பின்னால் போய் நின்று அவன் கைமேல் என் கையை வைப்பேன். தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது விடு என்று பழக்குவேன். ஊரான் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அப்படிச் செய்தேன்! உன் கையை ஒருநாளும் பிடிக்கவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் ஓவியக் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாய். தொலைந்துபோனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தொலையவில்லை பாபு. நான்தான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கடைசித் தேதி போகும்வரை நீயும் தேடினாய், நானும் உன்னோடு சேர்ந்து தேடுகிற மாதிரி நின்றேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, உன் கையெழுத்தோடு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா. லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினால் காட்பாடியில் வந்து நிற்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவிடமாவது பேசு.

அப்பா