குணாவுக்கு, ஒற்றைச் சிலிப்பர் விஷயமாக

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்புள்ள குணா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம், என் முட்டிவலியும் சுகமாக இருக்கிறது. கோலாலம்பூர்ப் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் தஞ்சோங் பூங்கா கரையில் ஒரு ஜப்பான் சிலிப்பர், அதான் நம் வார்வைத்த ரப்பர்ச் செருப்பு, ஒதுங்கிக் கிடந்தது. இடது கால். தண்ணீர்மலையில் நீ தொலைத்தது வலது, அதனால் உரிமை கொண்டாடாதே. புரட்டினால் அடியெல்லாம் படகடியில் ஒட்டிக்கொள்ளுமே அந்தக் கொட்டலசு, பொடிச் சிப்பிகள். வாரில் ஒரு நண்டுக்குஞ்சு உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தது.

அன்றிலிருந்து இதே பைத்தியம்தான். குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தோடு மிதந்துதான் இவை ஊர்விட்டு ஊர் போகும் என்று நினைத்திருந்தேன். அது பாதிக் கதைதானாம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ராக்கால் என்று நடுக்கடலில் ஒரு மொட்டைப் பாறை. பக்கத்துத் தீவே சுமார் 300 கிலோமீட்டர். குஞ்சுகளை மிதக்கவிடும் கடல்நத்தை அங்கே இல்லை. வயிற்றில் வைத்துக் குட்டியாகவே பெறும் நத்தை இருக்கிறது! யொஹானெசன் என்ற ஸ்வீடன் பெண்மணி 1988இல் இதற்குக் காரணம் எழுதினார். மிதக்கிற குஞ்சுகள் திசைக்கொன்றாகச் சிதறிவிடும், தப்பிப் பிழைத்தாலும் ஜோடி அமையாது. சூல்கொண்ட ஒருத்தி எதையாவது பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தால் போதும். உன் அப்பாயி மாசமாக ராஜுலா கப்பலில் வந்து இறங்கினாளே, அதே கணக்கு. இன்று உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பஸ்!

சிரிப்பு நின்றது அடுத்ததைப் படித்தபோது. 2011 சுனாமியில் ஜப்பானின் மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போன மிதவைமேடை ஒன்று, மறு வருஷம் ஜூனில் அமெரிக்காவின் ஓரிகான் கரையில் ஒதுங்கியது. மேலே ஜப்பான் சிப்பியும் நட்சத்திரமீனும் உயிரோடு. அந்தச் சுனாமிக் குப்பையில் 2017 வரை எண்ணியவை 289 வகை உயிர்கள். வெறும் மரமென்றால் கப்பல்புழு அரித்து வழியிலேயே மூழ்கியிருக்கும். பிளாஸ்டிக்கை எந்தப் புழு அரிக்கும்? வந்த இடத்தில் இருக்கிற சிப்பியை இவை நெருக்கித் தள்ளினால் யாரைக் கேட்பது?

அதனால் சிலிப்பரைக் கடலில் திருப்பி வீச மனம் வரவில்லை. குப்பையில் போடவும் கை வரவில்லை, அந்த நண்டு பார்க்கிறது. பின்கட்டில் வாளித் தண்ணீரில் கிடக்கிறது. நாற்றம் தொடங்கிவிட்டது, லட்சுமி பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன செய்யலாம், எழுது. மணியத்திடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
சேகர்