எம்பெடட் பாடத்தில் டீபக்கருக்கு முதலிடம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்பெடட் நிரலாக்கம் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு நிரல் எழுதுவது) கற்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். ஐடிஇயை (நிரல் எழுதும் மென்பொருளை) நிறுவுவது, போர்டைத் தேர்ந்தெடுப்பது, எல்இடியை ஒளிரவைப்பது என்று படிப்படியாகச் சொல்லியிருக்கும் விதம் நன்று. அடுத்த பகுதியில் சென்சார்களை இணைப்பது பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு பகுதியை டீபக்கருக்கு, அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவிக்கு, ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினிகளுக்கு, நிரல் எழுதுவதே என் தொழில். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களைப் பழக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது.

கணினியில் நிரல் எழுதிப் பழகியவருக்கு இத்துறையில் எளிதில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. நிரலை எழுதுவது ஓர் இயந்திரத்தில். அது ஓடுவதோ வேறோர் இயந்திரத்தில். ஓடும் இடத்தில் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, தவறு நேர்ந்தால் எடுத்துச் சொல்ல இயங்குதளமும் பெரும்பாலும் கிடையாது. ‘அப்லோட்’ பொத்தானை அழுத்தியதும் கம்பைலர் சி மொழி வரிகளை இயந்திரக் கட்டளைகளாக்குகிறது; லிங்கர் அவற்றை நூலகங்களோடு சேர்த்து, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எது எந்த முகவரியில் அமர வேண்டும், ரேமில் எது இருக்க வேண்டும் என்று இடம் பிரித்துக்கொடுக்கிறது; கடைசியாக இன்னொரு சிறு நிரல் அதைக் கேபிள் வழியாகச் சிப்பில் எழுதுகிறது. மின்னணுவியல் பின்புலம் இல்லாத வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் கொண்டு 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ என்ற போர்டு-மென்பொருள் தொகுப்பு உருவானபோது, இத்தனையையும் ஒரே பொத்தானுக்குள் ஒளித்துவைத்ததுதான் அதன் பலமாக இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர் அந்தப் பொத்தானோடு நின்றுவிட முடியாது.

தொடரில் வந்த எல்இடி நிரலையே எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ வகையைச் சேர்ந்த ஊனோ போர்டுக்கு அதைக் கம்பைல் செய்து முடித்ததும் ஐடிஇயின் அடிப்பகுதியில் இரண்டு வரிகள் வரும். நிரல் பிடித்த இடம் இவ்வளவு, உச்ச வரம்பு 32256 பைட் என்பது முதல் வரி. மாறிகள் பிடித்த இடம் இவ்வளவு, உச்ச வரம்பு 2048 பைட் என்பது இரண்டாவது. என்னிடம் பழக வருபவர்களில் இவற்றை வாசித்தவர் அரிது. அந்த போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஃபிளாஷ் 32 கேபி, அதாவது 32768 பைட் ஆயிற்றே, 32256 எப்படி வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். மீதி 512 பைட்டில் பூட்லோடர் குடியிருக்கிறது. யுஎஸ்பி வழியாக வரும் புது நிரலை வாங்கி ஃபிளாஷில் எழுதுவது அதன் வேலை. இரண்டாவது வரி இன்னும் முக்கியமானது. போர்டிலிருந்து கணினியின் சீரியல் திரைக்கு அனுப்பிக் காட்டுவதற்காக மேற்கோள் குறிக்குள் எழுதும் ஒவ்வொரு வாசகமும், ஃபிளாஷிலேயே இருக்கட்டும் என்று தனியே சொல்லாவிட்டால், அந்த 2048 பைட்டிலும் இடம் பிடிக்கும். வாசகங்கள் பெருகி, மேலிருந்து கீழ்நோக்கி வளரும் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவுப் பகுதி மாறிகளின்மேல் ஏறிவிட்டால், போர்டு காரணமே இல்லாமல் ரீசெட் ஆவதுபோலத் தோன்றும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஐடிஇ முன்கூட்டியே சொல்லியிருக்கும், படிக்காதது நாம்தான்.

டீபக்கர் என்றால், ஓடும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, மாறிகளிலும், சிப்பின் பகுதிகளை இயக்கும் நினைவிடங்களான ரெஜிஸ்டர்களிலும் அந்தக் கணத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் கருவி. ஆர்டுயினோவிலிருந்து எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் வகையின் பக்கம் வந்த புதிதில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எஸ்டிஎம்32எஃப்103 சிப் பொருத்திய சிறிய நீலநிற போர்டு அது. பிசி13 என்ற பின்னில் (இணைப்புக் காலில்) ஓர் எல்இடி. நூலகம் எதுவும் இல்லாமல் ரெஜிஸ்டர்களில் நேரடியாக எழுதி அதை மினுக்கவைக்கப் பார்த்தேன். நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆயிற்று, சிப்பிலும் ஏறிற்று. எல்இடி மட்டும் எரியவில்லை. கேபிளை மாற்றினேன். (தரவுக் கம்பிகள் இல்லாத, சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் யுஎஸ்பி கேபிள் ஒன்று முன்பு ஒருமுறை என் அரைநாளைத் தின்றிருந்தது.) அந்த போர்டில் பின்னுக்கு 0 கொடுத்தால்தான் எல்இடி எரியும் என்று அறிந்து அதையும் மாற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் வேறு வழியின்றி நிரலை டீபக்கரில் நிறுத்தி, ரெஜிஸ்டர்களைக் காட்டும் சாளரத்தைத் திறந்தேன். ‘சி’ வரிசைப் பின்களுக்குரிய ரெஜிஸ்டர்கள் எல்லாமே 0. அந்தப் பின்களின் தன்மையைத் தீர்மானிக்கும் ரெஜிஸ்டரில், நான் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால்கூட, பதினாறு நிலை எண்முறையில் 44444444 இருக்க வேண்டும் என்கிறது சிப்பின் கையேடு. எல்லாம் 0 என்றால் அந்தப் பகுதிக்குக் கிளாக்கே (அதை இயக்கும் துடிப்பே) போகவில்லை என்று பொருள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்தச் சிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் கிளாக்கைத் தனித்தனியே திறந்துவிட வேண்டும், நான் மறந்திருந்தேன். அப்படித் திறந்துவிடுவதற்கான ஏபிபி2இஎன்ஆர் ரெஜிஸ்டரில் 4ஆம் பிட்டை 1 ஆக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் எல்இடி எரிந்தது.

சீரியலில் மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல நேரங்களில் போதும். நானும் அப்படிச் செய்பவன்தான். ஆனால் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்து வெளியேற ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகிறது. முப்பது எழுத்துள்ள ஒரு வரிக்கு முப்பது மில்லிநொடிக்கு மேல். நேரத்தைச் சார்ந்த பிழையைத் தேடும்போது, தேடுவதற்காகச் சேர்த்த வரியே நேரத்தை மாற்றிப் பிழையை மறைத்துவிடும்.

இன்னொரு வகைப் பிழைக்கும் அச்சிடுவது உதவாது. என்னிடம் பழகும் இளைஞர் ஒருவரின் நிரல், சோதனையின்போது ஒழுங்காக ஓடிவிட்டு, கம்பைலர் நிரலைச் சுருக்கி வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் உறைந்து நின்றது. கம்பைலரில்தான் பிழை என்று உறுதியாக நம்பினார். நிரலை நிறுத்தி, இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் சாளரத்தைத் திறக்கச் சொன்னேன். தன்னையே நோக்கித் தாவும் ஒற்றைக் கட்டளையில் சிப் சுழன்றுகொண்டிருந்தது. இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) வந்து ஒரு மாறியை 1 ஆக்கும்வரை காத்திருக்கும்படி அவர் எழுதியிருந்தார். அந்த வளையத்துக்குள் யாரும் மாறியைத் தொடவில்லை என்று கண்ட கம்பைலர், அதை ஒரேயொரு முறை படித்துவிட்டு முடிவில்லாத வளையமாகச் சுருக்கிவிட்டது. மாறியின் அறிவிப்பில் ‘வாலடைல்’ (ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி) என்ற சொல்லைச் சேர்த்ததும் தீர்ந்தது. அந்த ஒற்றைக் கட்டளையைக் கண்ணால் பார்த்தவர் இனி அச்சொல்லை மறக்கமாட்டார்.

டீபக்கர் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. நான் சொன்ன எஸ்டிஎம்32எஃப்103 போன்ற கார்டெக்ஸ் எம்3 சிப்பில் ஃபிளாஷில் உள்ள நிரலுக்கு ஆறு பிரேக்பாயிண்டுகள், அதாவது நிறுத்துமிடங்கள்தாம் கிடைக்கும். மோட்டாரை ஓட்டும் நிரலை நடுவில் நிறுத்தினால் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் நிலையிலேயே வெளியீடு நின்று எதையாவது சுட்டுவிடலாம். அங்கே முன்யோசனை வேண்டும். தொடரில் தாங்கள் எடுத்துக்கொண்ட ஊனோவில் ஒரு சிக்கலும் உண்டு: ஆர்டுயினோ ஐடிஇயின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் டீபக்கர் சேர்ந்துவிட்டாலும், பழைய ஊனோ ஆர்3 போர்டில் அது நேரடியாக வேலை செய்யாது. ஆகவே அந்த ஒரு பகுதிக்கு மட்டுமாவது, டீபக் செய்யும் கருவி போர்டிலேயே பதிந்து வரும் எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டு போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டால், சரியாக ஓடும் நிரலை வாசகர்களுக்குக் கொடுக்க வேண்டாம். கிளாக்கைத் திறக்கும் வரியை நீக்கிவிட்ட எல்இடி நிரலைக் கொடுத்து, எங்கே தவறு என்று ரெஜிஸ்டர் சாளரத்தில் தேடச் சொல்லுங்கள். விடையை அடுத்த வாரம் வெளியிடலாம்.

இப்படிக்கு,
எம்பெடட் நிரலாளர் ஒருவர்