விலைத்தாள் ஏன் பதினான்கு நாளுக்கு மட்டும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வீடு கட்டுவதற்கு எங்களிடம் விலைத்தாள் வாங்கிய ஒரு ஐயா கனடாவிலிருந்து அழைத்தார். "தம்பி, முந்தி நீங்கள் தாற விலை ஆறு மாதத்துக்கு நிற்கும். இப்ப ஏன் பதினாலு நாள் எண்டு போட்டிருக்கிறீங்கள்? கூலிக் காசையும் முதலே வைக்கச் சொல்லுறீங்கள். எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டார். மனம் நொந்துதான் கேட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டுவிட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் ஆறுதலாக எழுதுகிறோம்.

எங்கள் கடையைத் தெரியாதவர்களுக்கு: கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரு தகரக் கொட்டிலில் சீமெந்தும் கம்பியும் ஆணியும் வைத்துத் தொடங்கிய கடை. சில ஆண்டுகளில் வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்தும் எடுக்கத் தொடங்கினோம். இன்று எங்களோடு நான்கு மேசன்மார், கம்பி கட்டுகிற இருவர், ஒரு தச்சர், ஏழு கையாட்கள் இருக்கிறார்கள். பதினான்கு பேர், பதினான்கு அடுப்பு. இந்த மடல் முக்கியமாக அவர்களைப் பற்றியது.

கொழும்பில் யார் கதிரையில் இருந்தாலும் உங்கள் காணியில் உங்கள் காசில் எழும்புகிற வீட்டுக்கு என்ன வந்தது என்று தோன்றலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் ஆனார்கள். டிசம்பர் 16 வரை அந்த இழுபறி. நவம்பரில் வைக்கவேண்டிய 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப் போனது. இடையில் நான்கு மாதச் செலவுக்கு இடைக்காலக் கணக்கறிக்கை. பத்திரிகையில் படித்தால் இது பாராளுமன்றச் செய்தி. எங்கள் கடையில் அது வேறு மாதிரி வந்தது. அப்போது ஒரு பாடசாலைக் கட்டடத்தில், பெரிய கொந்தராத்துக்காரர் ஒருவரிடமிருந்து பூச்சு வேலையை நாங்கள் எடுத்திருந்தோம். அவருக்கு மேலிருந்து பில் காசு வரவில்லை, ஆகவே எங்களுக்கு வரவில்லை. எங்களுக்கு வராததால் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க முடியவில்லை. அவர் அடுத்த லொறி சீமெந்தை நிறுத்தினார். அதே வாரம் உருத்திரபுரத்தில் ஒரு தனியார் வீட்டுக்கு, கதவு யன்னலுக்கு மேலே வரும் லின்ரல் கொங்கிறீற் போட நாள் குறித்திருந்தோம். அந்த வீட்டுக்காரர் எங்களுக்கு ஒரு சதமும் பாக்கி இல்லை. ஆனாலும் அவர் வீட்டுக்குச் சீமெந்து பத்து நாள் பிந்தித்தான் போனது. அவருடைய காசு எங்கள் கைக்கு வந்ததும் பாடசாலை வேலையின் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. அது எங்கள் பிழை. அன்று அவரிடம் "லொறி வரவில்லை" என்றுதான் சொன்னோம். உண்மைக் காரணம் இதுதான்.

எல்லோரும் "மேலிருந்து வந்தால் தருகிறேன்" என்று தனக்குக் கீழே உள்ளவருக்குச் சொல்கிறார்கள். திணைக்களம் கொந்தராத்துக்காரருக்கு, அவர் எங்களுக்கு, நாங்கள் மேசனுக்கு. மேசன் யாருக்குச் சொல்வார்? பின்னேரம் ஐந்து மணிக்குக் கரண்டியைக் கழுவிவிட்டு நிற்கிற ஆளுக்கு அன்றைய கூலி அன்றைய அரிசி. அவர் கையாளுக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

2019இல் நடந்தது இதைவிடக் கனமானது. அந்த ஆண்டு அரச வீட்டுத்திட்டம் ஒன்றின் கீழ் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. முதல் தவணைக் காசு வந்தது. இருந்த தற்காலிகக் கொட்டிலைப் பிரித்து, பக்கத்தில் தறப்பாள் கட்டி இருந்துகொண்டு அத்திவாரம் வெட்டினார்கள். அடுத்த தவணை எப்படியும் வரும் என்று நாங்கள் கல்லும் கம்பியும் சீமெந்தும் கடனுக்குக் கொடுத்தோம். நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல். ஆட்சி மாறியது. தவணைகள் நின்றன. 2020 மார்ச்சில் பாராளுமன்றம் கலைந்தது, கொரோனா வந்தது, ஓகஸ்டில்தான் அடுத்த தேர்தல். அந்த ஆண்டின் கடைசிப் பகுதி வரை முறையாக நிறைவேற்றிய வரவு செலவுத் திட்டமே நாட்டில் இல்லை. அத்திவாரங்களில் புல் முளைத்தது.

நாங்கள் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுப் போனோம். ஒரு அம்மா தோட்டை அடகு வைத்துக் காசு கொண்டுவந்து தந்தார். இன்னொரு குடும்பம் நுண்கடன் எடுத்து எங்களுக்குக் கட்டியது என்று பிறகுதான் தெரியவந்தது. வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிற கடன். சட்டப்படி எங்கள் காசுதான். ஆனால் அந்தக் காசை வாங்கியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறோம். மிச்சக் கணக்குகளைப் பிறகு கிழித்துவிட்டோம். அந்த அத்திவாரங்களை வெட்டிய மேசனுக்கும் கையாட்களுக்கும் அரைவாசிக் கூலியை நாங்களே பின்னால் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தோம். அதற்கு இரண்டு வருடம் எடுத்தது.

இந்திய வீட்டுத்திட்டம் இங்கே 2012 முதல் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை நடந்த அளவைப் பார்த்துப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணையாக வந்தது. 2015 ஜனவரியில் இங்கே ஆட்சி மாறியபோதும் அந்த வேலை நின்றுபோகவில்லை. காசு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது, எந்த அமைச்சர் வந்தாலும் அது அந்த வீட்டுக்கென்றே இருந்தது. இதை நாங்கள் அப்போதே கவனித்துப் படித்திருந்தால் பிந்திய பல துன்பங்கள் வந்திருக்காது.

2022ஐப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தொழிலுக்குள் அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறோம். 2021 ஒக்டோபர் வரை கட்டுப்பாட்டு விலையில் ஒரு மூடை சீமெந்து ஆயிரம் ரூபாவைச் சுற்றி நின்றது. பிறகு அந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 2022 மார்ச் 7இல் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைப்பதையும் விட்டார்கள். 203இல் பிடித்து வைத்திருந்த டொலர் மே மாதம் 360 வரை போனது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடியது மூடியதுதான். திருகோணமலையில் அரைத்துப் பொதி செய்கிற சீமெந்துக்கும், அரைப்பதற்கான கிளிங்கர் என்ற மூலப்பொருள் கப்பலில் வரவேண்டும்; கம்பிக்கான உருக்கும் அப்படித்தான். வங்கியில் டொலர் இல்லையென்றால் கப்பல் இல்லை. மூடை ஏப்ரலில் 2,300 ரூபாவைத் தாண்டியது, அந்த ஆண்டுக்குள்ளேயே மூவாயிரத்தைத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்குப் பிறகு வீட்டுக் கடன் எடுத்தவர்கள் இருபது வீதத்துக்கு மேல் வட்டி கட்டினார்கள்.

அந்த நேரம் சுவிஸில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டை, 2021 செப்டெம்பரில் எழுதிய நிலையான விலைக்குக் கட்டிக்கொண்டிருந்தோம். மார்ச் மாதம் லின்ரல் மட்டத்தில் வேலை நின்றது. அவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். நாங்கள் சீமெந்துப் பில்லைக் காட்டினோம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் நாங்கள் எதில் குறைத்தோம் தெரியுமா? சீமெந்தில் குறைக்க முடியாது, கம்பியில் குறைத்தால் வீடு விழும். மேசன்மாரின் நாட்களைக் குறைத்தோம். வாரத்தில் ஆறு நாள் வேலை மூன்று நாளானது. ஜூன் 27 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். டிப்பர் மணலேற்றப் போகவில்லை. பரந்தனிலிருந்தும் வட்டக்கச்சியிலிருந்தும் எங்கள் ஆட்கள் சைக்கிளில் வந்து, மணல் இல்லாமல் திரும்பிப் போனார்கள். வந்து திரும்பிய நாளுக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. எங்கும் இல்லை.

அந்த ஆண்டு 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்களிடமிருந்து இரண்டு மேசன்மார் போனார்கள், ஒருவர் கட்டாருக்கு. பதினேழு வயதில் சாந்து குழைக்க வந்து எங்கள் கண் முன்னால் மேசனானவர். போகும்போது கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணை, அங்க மாதம் முடிய சம்பளம் வரும்" என்று மட்டும் சொன்னார்.

சிலர் கேட்கிறீர்கள்: டொலர் 300ஐச் சுற்றி இறங்கிவிட்டதே, ஏன் வீட்டின் விலை இறங்கவில்லை? ஒரு காரணம் வரி. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியைப் 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினார்கள். 2022இல் 12, பிறகு மறுபடி 15, 2024 ஜனவரியில் 18. இன்னொரு காரணம் ஆள். நல்ல மேசன் இப்போது குறைவு, இருப்பவரின் கூலி கூடியிருக்கிறது, கூடத்தான் வேண்டும். 2024இலும் இரண்டு தேர்தல் வந்து 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் பெப்ரவரியில்தான் வாசிக்கப்பட்டது. அந்த மாதங்களில் அரச வேலைகள் மந்தமாக இருந்ததை வீதியோரம் நிறுத்திவைத்த இயந்திரங்களைப் பார்த்தே சொல்லலாம். இந்த முறை எங்கள் கடை தடுமாறவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே ஒழுங்கை மாற்றிவிட்டோம். அந்த ஒழுங்குதான் உங்களுக்குப் புதிதாகத் தெரிகிறது.

பதினான்கு நாள் என்பது சீமெந்து, கம்பி, மாபிள், குழாய், வயர் ஆகிய சாமான்களின் விலைக்கு மட்டும். கூலியும் எங்கள் கொந்தராத்துப் பங்கும் விலைத்தாளில் எழுதியபடி குடிபூரல் வரை மாறாது. சாமான் விலை கூடினால் பில்லைக் காட்டித்தான் கேட்போம்; இறங்கினால் அதே பில்லைக் காட்டிக் குறைப்போம். போன ஆண்டு ஒரு வீட்டுக்கு அப்படிக் குறைத்தும் இருக்கிறோம்.

வேலையை அத்திவாரம், லின்ரல், கூரை, பூச்சு, தரை என்று பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் தொடங்குமுன் அந்தக் கட்டத்துக்கான கூலியைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்கிறோம். அந்தக் கணக்கிலிருந்து சீமெந்து வாங்க மாட்டோம், கடைச் செலவுக்கு எடுக்க மாட்டோம், இன்னொரு வீட்டின் பள்ளத்தை நிரப்ப மாட்டோம். சனிக்கிழமை பின்னேரம் ஆட்களுக்குப் போகும், அவ்வளவுதான். ஐயா, உங்களில் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. எங்கள் கைக்கு வருகிற காசை எங்களிடமிருந்தே காப்பாற்ற இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த கட்டத்துக்கு மேற்பட்ட முற்பணத்தை நீங்களாகத் தந்தாலும் வாங்க மாட்டோம். நாட்டில் ஏதும் நடந்தால் அந்தக் காசு உங்களிடம் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஊரடங்கு, எரிபொருள் இல்லாமை, சாமான் வராமை என்று எங்கள் ஆட்களின் குற்றமில்லாமல் வேலை நின்றால், பத்து நாள் வரை அரைக் கூலி கொடுக்கிறோம். அது எங்கள் பங்கிலிருந்து போகிறது, உங்கள் கணக்கில் ஏறாது. பதினான்கு பேருக்கும் ஊழியர் சேமலாப நிதியும் கட்டுகிறோம்: அவர்கள் பங்கு 8 வீதம், எங்கள் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. எங்கள் கூலிக் கணக்கு வேறு சிலருடையதைவிடக் கூடத் தெரிவதற்கு இதுதான் காரணம். மலிவாகச் செய்கிறவர்களிடம் போவது உங்கள் உரிமை. போகுமுன் அவர்களுடைய மேசனிடம் போன சனிக்கிழமை கூலி கிடைத்ததா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. தேர்தல் வருகிறது, விலை ஏறும் என்று பயந்து சீமெந்தை வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் பலம் குறையும், எங்கள் மாரி ஈரத்தில் கட்டி படும். 2022இல் பலர் அப்படி வாங்கி வைத்து எறிந்தார்கள். முற்கூட்டி வாங்கத்தான் வேண்டுமென்றால் கம்பியை வாங்குங்கள். நிலத்தில் படாமல் கட்டையில் வைத்து மூடினால் நிற்கும். எங்கள் களஞ்சியத்தில் உங்கள் பெயர் எழுதி வைத்துத் தருவோம், வாடகை இல்லை.

அத்திவாரம் போட்டு முடிக்கக் காசு இருக்கிறது, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிந்தால் இரண்டு அறையும் குசினியும் கூரையோடு முடிகிற அளவுக்குச் சிறிதாகத் தொடங்குங்கள். பின்னால் கூட்டிக் கட்டுவதற்கு ஏற்றபடி தூணையும் கம்பியையும் விட்டுத் தருவோம். கூரை போட்ட சிறு வீட்டில் மாரியைக் கழிக்கலாம்.

ஏற்கெனவே பழைய ஒழுங்கில் விலைத்தாள் வாங்கிக் கையொப்பமிட்டவர்களுக்கு அந்த விலையே நிற்கும், ஒன்றும் மாறாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பில்களும் கூலிப் பதிவின் பக்கமும் வெள்ளிக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் வரும். ஊரில் இருப்பவர்கள் கடைக்கு வந்து கணக்குக் கொப்பியைப் பார்க்கலாம். உருத்திரபுரத்து ஐயா இதைப் படித்தால், அந்தப் பத்து நாளுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரரும் பதினான்கு வேலையாட்களும்
கிளிநொச்சி