குளிக்க வைப்பது எப்படி என்று சொல்லித் தாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மாமியாருக்கு 78 வயது. மறதிநோய் வந்து இது நான்காவது வருடம். மாத்திரை கொடுப்பதோ சோறு ஊட்டுவதோ எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. குளிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

"இப்பதானே குளிச்சேன்" என்பார். குளித்து மூன்று நாள் ஆகியிருக்கும். ஒருநாள் பொறுமை போய், வலுக்கட்டாயமாகச் சேலையை அவிழ்த்து ஷவரைத் திறந்துவிட்டேன். "யாருடி நீ? என் துணிய ஏன் உருவுற?" என்று அலறிச் சுவரோடு ஒண்டிக்கொண்டார். இருபத்தாறு வருடமாக என்னை வாம்மா, போம்மா என்று கூப்பிட்டவர். சாயங்காலம் பார்த்தால், என் விரல் அழுந்திய இடத்தில் அவர் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

நாங்கள் காட்டிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை எழுதினார்கள். குளிக்க மறுக்கிறார் என்று சொன்னேன். "இந்த நோய்ல அப்படித்தான், அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அத்தை திருவையாற்றுப் பக்கம் காவிரிக்கரையில் வளர்ந்தவர். உள்பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் படித்துறையில் குளித்திருக்கிறார். இன்னொருவர் முன்னால் துணியில்லாமல் அவர் நின்றதே இல்லை. இது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. இப்போது பாவாடையை ஏற்றிக் கட்டிவிட்டு, அதற்குள்ளேயே கைவிட்டு சோப்புப் போடுகிறேன். ஷவர் கிடையாது. தலைக்கு மேலிருந்து திடீரென்று கொட்டுவது என்னவென்று அவருக்குப் புரிவதில்லை. வாளியும் சொம்பும்தான். வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் பாதத்தில் ஊற்றுவேன், பிறகு முழங்கால், தோள். தலைக்குக் கடைசியில். ஒரு சோப்பை அவர் கையில் கொடுத்தால் தானே தேய்த்துக்கொள்ளவும் செய்கிறார். குளியலறை வாசலில் கறுப்பு மிதியடி ஒன்று கிடந்தது. அது அவர் கண்ணுக்குக் குழியாகத் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த பிறகுதான் தயங்காமல் காலை வைத்தார்.

"குளிக்க வாங்க" என்றால் அசைய மாட்டார். "வெள்ளிக்கிழமை அத்தை, தலைக்கு ஊத்திக்கணும்" என்று சொல்லிச் சீயக்காயைக் கரைத்தால் அந்த வாசனைக்கே எழுந்து வருவார். முரண்டு பிடிக்கும் நாளில் விட்டுவிடுகிறேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு என்று துடைத்துவிட்டால் சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று முழுக்குளியலே போதும். ஒருமுறை வாரம் முழுக்கத் தொட்டாலே அடிக்க வந்தார். சிறுநீரில் கிருமித்தொற்று என்று பிறகுதான் தெரிந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்?

இதையெல்லாம் முதல் மாதத்திலேயே யாராவது அரைமணி நேரம் சொல்லித் தந்திருந்தால் அந்த மணிக்கட்டு கன்றியிருக்காது.

சொல்லித் தர உங்களிடம் ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் இயன்முறை மருத்துவர்களும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்களும் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுங்கள். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் அவர்களைக் குளிப்பாட்டுவது என்னைப் போன்ற மருமகளோ மகளோதான். சில வீடுகளில் மகன் தன் அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் அந்தத் தாய்க்கும் எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் வாசலில் நின்று ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த முறை அவரை உள்ளே, எங்கள் குளியலறை வரைக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருமகள்,
திருச்சி