தனுஷ்கோடிக்குப் போன மெயின் லைன்

அன்புள்ள நண்பா,

பேரன் பிறந்த செய்தி படித்து வீடே பூரித்துப் போனது. குழந்தையோடு ராமேஸ்வரம் போகும்போது தனுஷ்கோடி கிளைப்பாதை இருந்த இடத்தையும் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். அதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்.

1964 வரை பாம்பனில் பிரிந்த இரண்டு தடங்களில் கிளை என்றால் ராமேஸ்வரம் போனதுதான். மெயின் லைன் தனுஷ்கோடிக்கு. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததே இலங்கைப் போக்குவரத்துக்காக. எழும்பூரில் போட் மெயில் என்ற ரயிலில் ஏறினால் தனுஷ்கோடி துறையில் கப்பல்; சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டித் தலைமன்னாரில் மறுபடி ரயில்; கொழும்பு வரை ஒரே டிக்கெட். கடைசிக் காலத்தில் ஓடியவை இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள்.

அப்படி ஒரு மணல் திட்டில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத்) தடத்தை வைத்துக் காப்பது லேசான வேலை இல்லை. காற்றில் வரும் மணல் ஜல்லிக்குள் இறங்கினால் தடத்தின் நெகிழ்வு போய்விடும். வண்டியின் அடி முழுவதும் சிலிப்பர் கட்டை மேல் விழும். தடம் பிரியும் பாயிண்டில் மணல் அடைத்தால், வண்டியைத் திருப்பிவிடும் நாக்குத் தண்டவாளம் ஒட்டி உட்காராது, அங்கேதான் வண்டி தடம் புரளும். உப்புக்காற்று தண்டவாளத்தின் அடிப்பாகத்தை, ஆணி பிடிக்கும் இடத்தில்தான் முதலில் தின்னும். அள்ளிய மணல் மறுபடி வந்து மூடும்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில், தனுஷ்கோடியை நெருங்கிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல், ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் கர்டர்கள் (தடத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) கடலுக்குள் போயின. ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். தனுஷ்கோடித் தடத்தை மட்டும் மீண்டும் போடவில்லை. அதன் பிழைப்பே கப்பல். கப்பல் துறையோ ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. கிளை மெயின் ஆனது அப்படித்தான்.

2019இல் ராமேஸ்வரத்திலிருந்து 17 கிலோமீட்டருக்குப் புதுப்பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு ஒப்பவில்லை, திட்டம் நின்றது. கப்பல் இல்லாத இடத்துக்கு அந்த மணலோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது.

சர்ச் பக்கம் எல்லாரும் நிற்பார்கள். நீ ஸ்டேஷனின் மொட்டைச் சுவர்களிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் நண்பன்